மலைத் தீபமும் கடற்கொடியும்

திருவண்ணாமலையில் 2,668 அடி உயரத்தில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டதும், பல காத தூரத்திலுள்ளோரும் கைகூப்புகின்றனர். அடையாளம் ஒன்று, பொருள் அனைவரும் அறிந்தது.

அங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்தால் புதுச்சேரிக் கடலை அடைகிறோம். காற்றுக் கலன் சுமந்து அங்கே மூழ்குவோருக்கும் ஓர் அடையாளம் உண்டு. நீரில் ஒலி, காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. ஆதலால் விசைப்படகின் இரைச்சல் கேட்டாலும், அது வரும் திசை மூழ்கியவருக்குப் புலப்படாது. மேலெழும் தருணத்தில் படகின் சுழல்விசிறி தாக்கினால் பிழைப்பது அரிது. எனவே, வெண்மையும் நீலமுமான கொடியைத் துணைப்படகில் உயர்த்துகின்றனர். ‘நீருக்கடியில் மனிதர், விலகி மெதுவாகச் செல்க’ என்பது அதன் சர்வதேசப் பொருள்.

தீபத்தின் பொருளை நம் குழந்தைகளும் அறிவர். இக்கொடியின் பொருளைப் படகோட்டிகள் அனைவரும் கற்க வேண்டாமா? அறியாதார் கண்ணுக்கு அது வெறும் துணிதானே!