உறுமத் தெரியாத குட்டி

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் குட்டிக்கு உறுமத் தெரியாது. கடிக்க மட்டும்தான் தெரியும். சத்தமில்லாமல், நீட்டிய கையைச் சடக்கென்று கவ்வும். உறுமாத நாய் சாதுவான நாய் என்று நினைப்பவர்கள் அதனோடு ஒரு பகல் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மதுரையில் அடுக்குமாடியில் குடியிருக்கும் அண்ணன், மகன் அடம்பிடித்தான் என்று வாங்கியது. அசல் கன்னி இன நாய் என்று சொல்லித்தான் விற்றார்கள். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு செம்பழுப்புப் பொட்டு, கால்களிலும் அதே நிறம் என்று கன்னிக்குச் சொல்லும் அடையாளமெல்லாம் இருந்தன. வளர வளரத் தெருவும் கொஞ்சம் கலந்திருப்பது தெரிந்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தம், ஒரு மாதம் முடிந்த கையோடு தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதில்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதை யார் பார்க்கிறார்கள்? கண் திறந்து நாலு கால் ஊன்றிவிட்டால் குட்டி கைமாறுவதுதான் ஊர் வழக்கம்.

எட்டு வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றாவது வாரம் போல முளைக்கத் தொடங்கும் அவை ஒவ்வொன்றும் ஊசி. தாடையில் பலமே இல்லாத வயதில் பல் மட்டும் ஏன் இவ்வளவு கூர்மை? இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்தது. பலமில்லாத தாடையாலும் வலிக்கச் செய்ய வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூர்மை என்கிறார் அவர். கூடப் பிறந்ததைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். மடியைக் கடித்தால் தாய் எழுந்து நடந்துவிடும். பாலும் போச்சு, விளையாட்டும் போச்சு. எவ்வளவு அழுத்தினால் கூட்டாளி நிற்பான், எவ்வளவு அழுத்தினால் ஓடுவான் என்று குட்டி கற்பது இப்படித்தான். பலம் வந்து, 42 நிரந்தரப் பற்களும் வந்து சேரும்போது வாயை அடக்கத் தெரிந்திருக்கும். இந்தக் குட்டி அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த உடனே நிறுத்தப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் பல இனத்து நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்து, 1965இல் அதை நூலாக எழுதியவர்கள் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யாரோடு, எதனோடு பழகுகிறதோ அதுவே பிறகு அதற்குப் பழகிய உலகமாகிறது என்பது அவர்கள் கண்டது. அந்த வாரங்களில் பெரும்பகுதி எங்கள் குட்டிக்கு அண்ணன் வீட்டில் கழிந்தது. மனிதக் கை என்றால் என்ன என்று அது அங்கேதான் தெரிந்துகொண்டது.

அண்ணன் வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. குட்டி காலைக் கவ்வும், சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் ஒரு தட்டு. கையைக் கடிக்கும், வாயை இறுக்கிப் பிடித்து ஒரு அதட்டல். சாப்பிடும்போது தட்டை எடுத்தால் உறுமும், "யாரப் பாத்து உறுமுற" என்று இன்னொரு தட்டு. பக்கத்து பிளாக்கில் நாய் வளர்த்து அனுபவப்பட்ட ஒருவர், மல்லாத்திப் போட்டு அமுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு யார் தலைவன் என்று காட்டிவிட வேண்டுமாம்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த யோசனை பாதி உலகம் சுற்றி மதுரைக்கு வந்திருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதினார். அடைத்து வைத்த இடத்தில் அவை ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன. அந்தக் கருத்தை டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் நூல் பரப்பியது. 1978இல் நியூயார்க் மாநிலத்து நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், நாயை மல்லாத்தி அடக்கும் முறையைத் தங்கள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலம் கழித்த மெக், ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே பதவிச் சண்டைக்கு வேலையில்லை என்று 1999இல் எழுதி, தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். துறவிகளும் தங்கள் முறையைக் கைவிட்டார்கள். சொன்னவர்கள் வாபஸ் வாங்கிய செய்தி மட்டும் மதுரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடி வாங்கிய குட்டி அதிலிருந்து இரண்டு பாடம் கற்றது. உறுமினால் அடி விழும். நிஜமாகக் கடித்தால் கை விலகும். குட்டியின் இடத்தில் நாம் இருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம்.

ஒருநாள் அண்ணன் மகனின் புறங்கையில் பல் ஆழமாகப் பதிந்துவிட்டது. நாய்க்கடி என்றால் வளர்ப்பு நாய், குட்டி நாய் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசி போடப் போய்விட வேண்டும். மதினி அதைச் சரியாகச் செய்தார். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போட்டார்கள். நாலாவது ஊசி போடுவதற்குள், குட்டியை எங்காவது விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. நாயைக் கண்டாலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கும் எங்கள் அம்மாதான் போனில், "பச்சப் பிள்ளைய ரோட்டுல விடுவியாலே? இங்க கொண்டாந்து போடு" என்றாள். பாளையங்கோட்டைக்கு அது காரில் வந்தது. இறங்கும்போதே என் விரலைப் பதம் பார்த்தது.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் என்ன நாய் என்று கேட்ட நர்ஸிடம், "எங்க வீட்டு நாய்" என்றேன். "எத்தன வருசமா வளக்கீங்க?" "இன்னைக்குத்தான் வந்தது." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் பெயரை மாற்றினோம். அங்கே அதன் பெயர் ராக்கி. "ராக்கி!" என்றால் காது படுத்துவிடும், வால் கால்களுக்கிடையில் போய்விடும். அத்தனை அதட்டலுக்கும் முன்னால் வந்த சொல் அது. அம்மா மணி என்று கூப்பிட்டாள். எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று மணிகள் இருந்தன என்பது வேறு விஷயம்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்த டாக்டர், நாய் கடிப்பதற்கு முன்னால் நிறையப் பேசிவிடும் என்றார். கெண்டல் ஷெப்பர்டு என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாகவே வரைந்திருக்கிறார். கண்ணைச் சிமிட்டுவது, மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது எல்லாம் கீழ்ப்படிகள். முகத்தைத் திருப்புவது, விலகி நடப்பது, உடம்பைக் குறுக்குவது அடுத்தவை. அதற்கும் மேலே உடம்பு விறைக்கும், வெறித்துப் பார்க்கும், உறுமும். உச்சியில்தான் கடி. "உறுமலை அடிச்சு நிறுத்தினா, பயம் போகாது. அந்தப் படி மட்டும் போயிரும்" என்றார் டாக்டர். அன்று முதல் நான் அதன் கொட்டாவிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கையில் சீப்போடு நெருங்கினால் கொட்டாவி. கழுத்துப் பட்டையை எடுத்தால் மூக்கை நக்கும். அது இத்தனை நாளும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

எங்களிடம் அதற்கு வெறுப்பு என்று எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. பின்னால் வந்து நிற்கும், காலடியில் படுக்கும். கைதான் அதற்கு ஆகாது. அதுவும் தலைக்கு மேலிருந்து இறங்கும் கை. அதனால் எங்கள் வேலையெல்லாம் கையைப் பற்றியதாக ஆனது. தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்க்காமல், வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டாக நறுக்கி எட்டத்தில் போடுவேன். தின்னும், போய்விடும். கூப்பிடக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. எட்டத்தில் விழுந்த துண்டு பிறகு முழங்கால் அருகே விழுந்தது, அதற்கும் பிறகு தரையில் விரித்து வைத்த உள்ளங்கையில் இருந்தது. கை அசையாது. எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். முதலில் கழுத்தை நீட்டி, பின்கால்களை ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு எடுக்கும். அந்தப் பின்கால்களைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவை என்றைக்குத் தளர்ந்தனவோ, அன்றைக்குத்தான் அடுத்த கட்டம். தாடைக்குக் கீழே விரலால் மூன்று எண்ணும் வரை சொறிவது, நிறுத்திக் கையை எடுத்துவிடுவது. இன்னும் வேண்டும் என்றால் அது நெருங்கி வரும், இல்லையென்றால் போய்விடும். போனால் போகட்டும் என்று விடுவதுதான் இதில் கஷ்டம். கொஞ்ச வேண்டும் என்று நமக்கு இருக்கும் ஆசை அப்படி.

சாப்பாட்டுத் தட்டிலும் கணக்கைத் தலைகீழாக்கினோம். தட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு, அது சாப்பிடும்போது கடந்து போகிறபோக்கில் ஒரு முட்டைத் துண்டைப் போட்டுவிட்டு நடந்தோம். மனிதர் நெருங்கினால் தட்டில் இருப்பது குறையும் என்று இருந்தது, நெருங்கினால் கூடும் என்று மாறியது. செருப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனால் துரத்துவதில்லை. ஈரலைக் காட்டி மாற்றிக்கொள்வோம். வியாபாரம் நியாயமாக நடந்தால் நாய் கடனாளியாக இருக்க விரும்புவதில்லை.

விளையாட்டுக் கடிக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவைப்படவில்லை. பால் பல் விழுந்து புதுப் பல் வரும் நான்கு முதல் ஏழு மாதத்துக்குள் எல்லாக் குட்டியும் எதையாவது மெல்லும். பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். காலைக் கவ்வினால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவோம், அதன் கூடப் பிறந்தவை செய்திருக்கக் கூடியதைப் போல. சாயங்காலம் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடித்தால் அதற்குத் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். அந்த வயதுக் குட்டி நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். பாய் விரிப்பில் குருணை அரிசி அளவில் விழுந்து கிடந்த பற்களை அம்மா பெருக்கித் தள்ளிவிட்டாள். எனக்கு ஒன்றிரண்டை எடுத்து வைக்க ஆசையாக இருந்தது.

நாய்க்கு அன்பு காட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மணி முதலில் நம்பியது ஈரல் கொடுத்த என்னை அல்ல, அதை ஒருநாளும் தொடாத அம்மாவை. அம்மா விடிகாலையில் ஒரே நேரத்துக்கு எழுவாள், ஒரே நடையில் வாசல் தெளிக்கப் போவாள், "தள்ளிப் படு" என்பதை ஒரே குரலில் சொல்வாள். அவள் அடுத்து என்ன செய்வாள் என்பது அந்த நாய்க்கு மனப்பாடம். பயந்த பிராணிக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்று நினைக்கிறேன். அது அவள் காலருகே மல்லாந்து தூங்கியபோது நான் இன்னும் தாடைக்குக் கீழே மூன்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

உறுமல் வந்தது ஒரு மத்தியானம். ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்தப் பார்த்தேன். தொண்டைக்குள்ளிருந்து, அடியில், மிக்ஸி ஓடுவதற்குத் தயாராவதைப் போல ஒரு சத்தம். நான் அப்படியே நின்று, இரண்டடி பின்னால் வந்து, முட்டைத் துண்டு ஒன்றை எறிந்தேன். அடுத்த நொடி துள்ளாத குறைதான். "அம்மா, உறுமிருச்சு!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், "நாய் உறுமுனதுக்குச் சந்தோசப்படுறவள இப்பத்தான் பாக்கேன்" என்று உள்ளே போனாள்.

அவளுக்கு விளக்கினேன். இனி அது கடிப்பதற்கு முன் சொல்லும், சொன்னால் கேட்பார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த ஜன்னல யாரு சாத்துறது? மழ வருது" என்றாள்.

எல்லோரோடும் இது சரியாகிவிடவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகன் வந்தான். "அத்த, அதுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் நின்றான். மணி கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவனைத் தரையில் பக்கவாட்டில் உட்காரச் சொல்லி ஈரல் கிண்ணத்தைக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்துதான் வருமோ, கை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஊருக்குக் கிளம்புவதற்குள் அவன் கையிலிருந்து வாங்கித் தின்றது. அண்ணனிடம் இன்றுவரை போவதில்லை. அவன் உள்ளே வந்தால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடும். "நான்தானே காசு கொடுத்து வாங்கினேன்" என்று அவன் வேடிக்கையாகச் சொல்வதில் பாதி வேடிக்கை இல்லை. செய்தித்தாளோடு வராதே என்று மதினி அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் இப்போது செய்தியை போனில்தான் படிக்கிறான். மணிக்கு அது தெரியவில்லை.

இப்போது எங்களுக்கு மிச்சமிருக்கும் தகராறு நகம் வெட்டுவது. முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, மொத்தம் பதினெட்டு நகம். நகவெட்டியைப் பார்த்ததும் கொட்டாவி விடும், மூக்கை நக்கும், மூன்றாவது நகத்தில் உறுமும். உறுமினால் நிறுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு நகத்துக்கு மேல் நடப்பதில்லை. பின்காலின் கடைசி நகத்துக்கு வரும்போது முன்காலின் முதல் நகம் திரும்பக் கல் தரையில் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாய்க்கட்டுப் போட்டு ஒரேயடியாக வெட்டிவிடலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். வெட்டலாம்தான். எங்களுக்கு அவசரமில்லை.