பழகிய தெருவின் பனி

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஓடுவதற்கு இடமிருப்பதில்லை. வாசல் தெளித்துச் செம்மண் இட்டு, தெருவின் பாதிவரை பரவிக் கிடக்கும் கோலங்களை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட வேண்டியிருக்கும். நாங்கள் நால்வர். இருவர் கல்லூரியில் பாடம் சொல்பவர்கள். ஒருவர் வங்கியில் இருக்கிறார். எல்லோருக்கும் மூத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவரை நாங்கள் அண்ணா என்றே அழைப்போம். வைகறையில் கிளம்பி, சித்திரைத் தேர் ஓடும் நான்கு வீதிகளையும் இருமுறை சுற்றி, ராஜகோபுரத்தடியில் ஒரு காபியோடு கலைந்து போவது எங்கள் நெடுநாள் வழக்கம். இதை ஓட்டம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பார்ப்பவர்கள் விரைநடை என்று சொன்னாலும் மறுப்பதற்கில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி வைகறையில், வடக்குச் சித்திரை வீதியில், அண்ணா அடிபட்டார். மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்திருந்த நாட்கள். இரவெல்லாம் காற்றசைவில்லை. ஈரம் சுமந்த நிலம் தன் வெப்பத்தைத் திறந்த வானுக்கு விட்டுவிட்டுக் குளிர, அதையொட்டிய காற்றின் ஈரமெல்லாம் நுண்துளிகளாகி நிற்கும் மூடுபனி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் தீவில் அது சில நாட்களில் மிகவும் அடர்ந்துவிடும். கதிர் எழுவதற்குச் சற்று முன்னும் பின்னுமாகத்தான் அதன் அடர்த்தி உச்சத்தை எட்டும். சரியாக நாங்கள் ஓடும் பொழுது அது.

நால்வரும் தெருவை அடைத்தபடி பேசிக்கொண்டு ஓடினோம். பெரிய கோலம் ஒன்று வந்தது. நாங்கள் மூவரும் இடப்பக்கம் ஒதுங்கினோம். அண்ணா வலப்பக்கம், தெருவின் நடுவுக்கு விலகினார். பின்னாலிருந்து வந்த இருசக்கர வண்டி அவரைத் தட்டியது. பால் பைகளை வீடு வீடாகப் போடும் ஒரு பையன். அவனும் விழுந்தான். பால் கோலத்தின்மேல் ஓடியது. அண்ணா எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"ஐயா, தெரியவே இல்லைங்க. பனிதாங்க தெரிஞ்சுது" என்று அந்தப் பையன் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்போது எங்களுக்கு அது ஒரு சாக்காகத்தான் பட்டது. வண்டியோட்டுகிறவன் பார்த்து ஓட்ட வேண்டாமா என்று எங்களில் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கவும் செய்தார். அவர் யாரென்று சொல்வது இங்கு முக்கியமில்லை. நால்வரில் யாராகவும் இருந்திருக்கலாம்.

அறுவை முடிந்து கண் விழித்த அண்ணாவிடம் வீட்டார் புகார் கொடுப்பது பற்றிப் பேச்செடுத்தார்கள். அவர் வேண்டாமென்று விட்டார். "நாலு பேரும் நடுத்தெருவுல முதுகைக் காட்டிக்கிட்டு ஓடினோம். நான் பழுப்பு ஸ்வெட்டர், கறுப்பு மங்கிக் குல்லா. அவன் மேல என்ன வழக்குப் போடறது?" என்றார். அந்தச் சொல் எங்களைத் தைத்தது. பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று அன்று எங்கள் உடைகள் யாவும் இருட்டின் நிறங்களாகவே இருந்தன.

பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. அன்றைய பனியில் 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிந்திருக்காது. அப்படியானால் அந்தப் பையனுக்குக் கிடைத்தது இரண்டு நொடிகூட இல்லை. கண்டதை மனம் உணர்ந்து கை தடையை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி போய்விடும். மீதியுள்ள நேரத்தில் ஈரத்தெருவில் வண்டியை நிறுத்த யாரால் முடியும்? முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டிருந்தாலும் பயனில்லை. பனித்துளிகள் அந்த ஒளியை ஓட்டுகிறவன் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும். அவன் சொன்னது சாக்கல்ல, உண்மை. அவனுக்குத் தெரிந்தது பனி மட்டுமே.

* * *

அண்ணாவின் செய்தியை எங்களிடம் படித்த மாணவி ஒருத்திக்கு எழுதியிருந்தோம். திருமணமாகிக் கனடா சென்று, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அங்கு போன பிறகுதான் ஓடப் பழகினாள். பனிக்காலத்திலும் விடாமல் ஓடுகிறாள். அவளுடைய பதில் நீண்ட கடிதமாக வந்தது. விசாரிப்புகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், அது உறைந்த நிலத்தில் ஓடுவது பற்றிய ஒரு சிறு நூல்.

புதிதாகப் பெய்த வெண்பனி அவ்வளவு ஆபத்தில்லை ஐயா, காலுக்குப் பிடிமானம் கொடுக்கும் என்று எழுதியிருந்தாள். ஆட்கள் மிதித்து மிதித்து இறுகிய பனிதான் வழுக்கும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. பகலில் உருகி வழிந்த நீர் இரவில் சாலைமேல் கண்ணாடிபோல மெல்லிய படலமாக உறைந்துவிடும். அடியிலுள்ள தாரின் கறுப்பே மேலே தெரிவதால் ஈரத்தரை என்றுதான் நினைப்போம். ஆகவே கடுங்குளிர் நாளைவிட, உறைநிலையை ஒட்டி உருகுவதும் உறைவதுமாக இருக்கும் நாளுக்குத்தான் அவள் அதிகம் அஞ்சுகிறாள். பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும். அடியிலும் குளிர்காற்று வீசுவதால் நிலத்தின் வெப்பம் அவற்றுக்கு எட்டுவதில்லை.

அப்படிப்பட்ட நிலத்தில் எட்டி அடிவைக்கக் கூடாது. குறுகிய அடிகளாக, பாதம் உடம்புக்கு நேர்கீழே படும்படி வைக்க வேண்டும். திருப்பங்களில் ஓட்டத்தை விட்டு நடக்க வேண்டும். எஃகு முட்கள் பதித்த ரப்பர் வலை ஒன்றைக் காலணிமேல் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் பனியில்லாத வெறும் சிமெண்டுத் தரைக்கு வந்ததும் அந்த முட்களே வழுக்குமாம். காப்பாற்றுகிற பொருளும் இடம் மாறினால் தள்ளிவிடும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போயிருந்தாள்.

உடை பற்றியும் எழுதியிருந்தாள். பருத்தி ஆகாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். ஈரத்தை வெளியே கடத்தும் துணி உள்ளே, கதகதப்புக்கு ஒன்று நடுவே, காற்றைத் தடுக்க ஒன்று மேலே. கிளம்பும்போது சற்றே குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் உடை அதிகம் என்று பொருள். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்க வேண்டும்; மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு குளிர்காற்றுக்கு முகம் கொடுக்க நேரும். விரல், மூக்கு நுனி, காது மடல் ஆகியவை மரத்துப்போனால் உடனே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். குளிரில் கைப்பேசியின் மின்கலம் திடீரென்று அடங்கிவிடும் என்பதால் எந்த வழியில் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே போக வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் இருந்த ஒன்றைத்தான் எங்களால் இன்றுவரை கடக்க முடியவில்லை. "எட்டு வருஷமா இதே தெருவுலதான் ஓடறேன் ஐயா. ஆனா தினமும் காலையில புதுத் தெருன்னு நெனச்சுத்தான் கால் வெப்பேன். நேத்து இருந்த தரை இன்னிக்கு இருக்காது. நீங்க ஓடறது சொந்தத் தெரு. அதனாலதான் அண்ணா விழுந்துட்டாரோன்னு தோணுது."

* * *

பனி என்ற ஒரே சொல்லால் நாம் எத்தனையோ பொருள்களைச் சுட்டுகிறோம். புல்நுனித் துளியும் பனி, தெருவை மறைக்கும் புகைபோன்றதும் பனி, இமயத்தில் பெய்வதும் பனி. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று அடை சேர்த்துக்கொள்கிறோம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வகுப்பில் இவற்றைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். வேனிலுக்குரிய பாலைக்குத் தொல்காப்பியர் பின்பனியையும் உரியதாக்கியது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பிரிவும் வழிநடையும் பாலையின் பொருள். வெயில் மட்டுமன்றிப் பனியும் வழிநடப்பவனுக்குத் துன்பம் தருவதே என்று விடை சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம். அந்த விடை எங்கள் தெருவுக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. திருச்சியின் மார்கழிக் குளிர் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டி நிற்பது. நீலகிரியில் புல்வெளி வெளுக்கும் உறைபனியோ, மாணவி எழுதிய கண்ணாடித் தரையோ இங்கில்லை. ஆகவே நமக்குப் பனியால் ஆபத்தில்லை என்று இருந்துவிட்டோம்.

இதே மயக்கம் எங்களுக்கு முன்பும் ஒருமுறை வந்ததுண்டு. கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தை ஸ்ரீரங்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2016இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தபின் பழைய பாலத்தில் கனரக வண்டிகள் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது வரமாக வாய்த்தது. ஞாயிறுதோறும் அங்கே ஓடினோம். கீழே மணல், மேலே இரும்புச் சட்டங்களுக்கிடையே விடியும் வானம். இதைவிடப் பாதுகாப்பான ஓடுபாதை திருச்சியில் இல்லையென்று ஊருக்கெல்லாம் சொன்னோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. பாலத்தின் தூண்கள் விரிசல் கண்டு, ஓரிரு நாட்களில் ஆற்றுக்குள் சரிந்தன. முன்கூட்டியே போக்குவரத்தை நிறுத்திவிட்டதால் உயிர்ச்சேதமில்லை. கரையில் நின்று பார்த்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். எங்கள் கால்கள் நன்கறிந்த இடம் வெற்றிடமாகிக் கிடந்தது. அன்று அதிர்ந்தோம், ஆனால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பாலம் பழையது, வெள்ளம் பெரியது என்று காரணம் சொல்லி நகர்ந்துவிட்டோம்.

* * *

அண்ணா வீடு திரும்பிய பிறகு நாங்கள் மூவரும் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். முதலில் வெள்ளைச் சட்டைக்கு மாறினோம். மாணவி அதையும் திருத்தினாள். பனிக்குள் வெள்ளை பனியாகவே கரைந்துவிடும் என்றாள். அதன்பின் சாலைப்பணியாளர்கள் அணிவது போன்ற, ஒளியைத் திருப்பும் பட்டைகள் தைத்த ஆரஞ்சு நிற மேலாடை வாங்கினோம். அந்தப் பட்டை, படும் ஒளியை வந்த திசைக்கே அனுப்புவது. ஆகவே வண்டியோட்டுகிறவன் கண்ணுக்கு அது துலங்கும். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி இரவில் நடக்கும் பாதயாத்திரைக்காரர்களின் பைகளில் காவல்துறையினர் பல ஊர்களில் ஒட்டிவிடும் பட்டையும் இவ்வகைதான். கல்லூரி ஆசிரியர் இப்படி உடுத்திக்கொண்டு சித்திரை வீதியில் போவதைப் பார்த்து முதல் வாரம் சிரித்தார்கள். எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

இப்போது ஒருவர்பின் ஒருவராக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கமாக ஓடுகிறோம். கோலம் வந்தால் விலகி ஓடுவதில்லை. நின்று, முன்னும் பின்னும் பார்த்து, நடந்து கடக்கிறோம். தெளித்த வாசலின் ஈரச்சிமெண்டில் அடியைக் குறுக்கிக்கொள்கிறோம். அடர்ந்த பனியென்றால் வெளிச்சம் வரும்வரை காத்திருக்கிறோம். கோபுரம் எங்களுக்கு அளவுகோல்: தெற்கு வீதியிலிருந்து அது புலப்படாத நாளில் ஓட்டமில்லை. போகியன்று பழையன எரிக்கும் புகை பனியோடு கலந்துவிடுவதால் அன்றும் விடுமுறை. 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திணறின. எங்கள் நுரையீரல் எம்மாத்திரம்.

அண்ணா மீண்டும் ஓடவில்லை. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். அந்தப் பையன்தான் இன்றும் அவர் வீட்டுக்குப் பால் போடுகிறான். பனிநாட்களில் அவன் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறான் என்று அண்ணா ஒருமுறை சொன்னார். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

விடியலில் அண்ணா வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதே கறுப்புக் குல்லாவோடு. மடியில் கைவிளக்கு. நாங்கள் வரும் ஓசை கேட்டதும் அதைப் பனிக்குள் அடித்துப் பார்க்கிறார். எங்களுக்கு அவர் முகம் தெரியாது. வெளுப்புக்குள் ஒரு மங்கிய வட்டம் மட்டும் ஆடும். குரல் மாத்திரம் தெளிவாக வரும்.

"தெரியுது, தெரியுது. போங்க."