ஒரே வகுப்பு, வேற பந்தி

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ஊரே கொண்டாடியது. மறுநாள் எங்கள் காலனி மாலை வகுப்பில் எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி கேட்டாள்: “நம்மள மாதிரி தள்ளி வச்ச சாதியிலேர்ந்து யாராச்சும் பெரிய விஞ்ஞானியா வந்திருக்காங்களாண்ணே?”

நான் தமிழ் எம்.ஏ. அறிவியல் அரைகுறை. ஆனாலும் மேகநாத் சாகா கதை தெரியும். சொன்னேன்.

1893-ல் டாக்கா பக்கம் சியோரதாலி கிராமத்தில் பிறந்தவர். அப்பா சின்ன மளிகைக் கடைக்காரர். ஒரு மருத்துவர் வீட்டில் தங்கி, அங்கே மாட்டைப் பார்த்துக்கொண்டு படித்தார். வங்கப் பிரிவினை எதிர்ப்பில் ஆளுநர் வருகையைப் புறக்கணித்தார் என்று பள்ளியும் போனது, உதவித்தொகையும் போனது. 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ், காயஸ்தர். வகுப்பில் சேர்ந்து உட்காரலாம். ஈடன் இந்து விடுதியில் மட்டும் சாகாவுக்குத் தனிப் பந்தி. சரசுவதி பூசையில் பூப்போடவும் விடவில்லை. படிப்புக்கான சாமியாம்!

எம்.எஸ்சி.யில் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920-ல் அது நூலாக வந்தது. அதே ஆண்டுதான் சாகாவின் அயனியாக்கச் சமன்பாடும் வந்தது. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒரு நட்சத்திரத்தில் ஒரு தனிமத்தின் கோடு தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை. தனிமம் இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே இருக்கிற சூடும் அழுத்தமும் வேறு, அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் சாகா.

சாகா தலித்தா என்று தோழர்கள் கேட்பார்கள். அவர் பிறந்தது சாராயம் காய்ச்சி விற்கிற சூன்ரி சாதியில். மேற்கு வங்க அட்டவணையில் சூன்ரி உண்டு, சாகா நீங்கலாக. அட்டவணை எப்படியோ இருக்கட்டும். தனிப் பந்தி போட்டவன் அட்டவணை பார்த்தா போட்டான்?

1952-ல் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனார். 1956 பிப்ரவரி 16, டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்கு நடந்துபோகிற வழியிலேயே மாரடைப்பில் விழுந்து இறந்தார். சமன்பாட்டைப் பாடத்தில் வைக்கிறவர்கள் பந்தியை வைப்பதில்லை.

சொல்லி முடித்தபோது எனக்கு வேறொருவன் ஞாபகம். திண்டிவனத்தில் என்னோடு விடுதியில் தங்கிப் படித்தவன். ஓடாத ரேடியோவைப் பிரித்துப்போட்டு ஓட வைப்பான். பத்தாவதில் கணக்கில் அவன்தான் முதல். பதினொன்றாவதில் அறிவியல் பிரிவு கேட்டுப் போனோம். “ஒங்களுக்கெல்லாம் எதுக்குடா சயின்ஸ் குரூப்பு? ஸ்காலர்ஷிப் வருதில்ல, ஏதாச்சும் படிச்சிட்டுப் போங்க” என்றார் பொறுப்பில் இருந்தவர். அவன் அன்றைக்கே பெட்டியைக் கட்டினான். சென்னையில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். தமிழை ஆசைப்பட்டு எடுத்தேன் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். பொய். ஆசை அப்புறம் வந்தது.

அந்தப் பொண்ணு யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்ப கோடு தெரியலன்னா ஆளு இல்லன்னு அர்த்தம் இல்லல்லண்ணே?”

ராத்திரி அவனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்:

“அந்தப் பொண்ணு குரூப்பு கேக்கப் போகும்போது நீ கூடப் போவியாடா?”