சிங்கப்பூரில் அம்மாவுக்குக் கிடைத்த இன்னொரு 'கிச்சன்'!

அக்காவுக்குக் குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள், "எனக்கு எப்பக் கண்ணு ரிட்டர்ன் டிக்கெட்?" என்று கேட்டார் அம்மா. வந்திருந்ததோ இரண்டு மாதத்துக்கு!

சிங்கப்பூர், யீஷூனில் 11-வது மாடி வீடு. அத்தான் காலையில் வேலைக்குக் கிளம்பினால், திரும்ப இரவாகிவிடும். குழந்தைக்குக் குளியல், அக்காவுக்குப் பத்தியச் சமையல் என அம்மாவின் பகல் சமையலறையிலேயே கழிந்தது. கோவையில் அப்படியில்லை. அபார்ட்மென்ட் தோழிகளோடு தினமும் காலையில் ஒரு மணி நேரம் பிக்கிள்பால் ஆடுவார். ஒரு வார லீவில் போயிருந்த நான், அவர் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பேடிலைப் பார்த்தேன். இவர் ஆட ஓர் இடம் கண்டுபிடிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு... ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த விளையாட்டு இது. ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்து, டேபிள் டென்னிஸ் மட்டையைவிடப் பெரிய பேடில். கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டும் இதே அளவுதான். அதனால், வெளிநாட்டில் பேட்மின்டன் ஆடும் இடங்களை முதலில் விசாரியுங்கள்.

நாங்கள் முதலில் பார்த்தது 'மைஆக்டிவ்எஸ்ஜி+' என்ற அரசு ஆப். அக்காவின் கணக்கில் நுழைந்தால், பக்கத்து உள்ளரங்கில் அந்த வாரம் முழுக்க புக்காகியிருந்தது. அடுத்து 'ரீக்ளப்' ஆப். புதியவர்களும் பெயர் கொடுத்துச் சேரக்கூடிய ஆட்டங்கள் அதில் உண்டு. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இரவு நேரம், தூரமும் அதிகம். "பச்சப் புள்ளைய விட்டுட்டு ராத்திரில எங்க போறது?" என்றார் அம்மா.

மூன்றாவது வழிக்கு ஆப் வேண்டாம், நடந்தால் போதும். ஹெச்.டி.பி குடியிருப்புகளுக்கு நடுவே பல இடங்களில் திறந்தவெளி கோர்ட்டுகள் இருக்கின்றன. அங்கே விடிவதே 7 மணிக்குத்தான். எட்டரை மணிக்குக் கிளம்பினோம். முதல் கோர்ட்டில் பையன்கள் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதை நெருங்கும்போதே 'டக்... டக்...' சத்தம். தரையில் டேப் ஒட்டி, கையோடு கொண்டுவந்த வலையைக் கட்டி, எட்டு சீனியர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வேலியோரம் பேடில்கள் வரிசையாக இருந்தன. அதுதான் க்யூ. நம்முடையதைக் கடைசியில் வைத்தால் முறை வந்துவிடும்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே கண்ணு..."

"ஸ்கோர் சொல்ல வரும்ல? போம்மா!"

வழக்கமான இரட்டையர் ஆட்டம் எந்த நாட்டிலும் 'ஜீரோ, ஜீரோ, டூ' என்றுதான் தொடங்கும். அம்மா அதைச் சொல்லி சர்வீஸ் போட்டார். கொஞ்ச நேரத்தில், எதிரில் ஆடிய சீனப் பாட்டி "கிச்சன்! கிச்சன்!" என்று கத்தினார். வலையை ஒட்டிய 7 அடிப் பகுதியின் பெயர் அது. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அம்மா சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். 11-6 என்று தோற்றும், திரும்பப் போய் பேடிலை வரிசையில் வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: "கிச்சனுக்குள்ள நிக்காதனு என்னைச் சொன்ன மொத ஆளு அந்தப் பாட்டிதான்!"

ஒரு விஷயம். இந்தப் பந்தின் சத்தம் பற்றி அங்கே குடியிருப்புவாசிகள் புகார் செய்து, அது செய்தியாகவும் வந்திருக்கிறது. கோர்ட்டில் நேரக் கட்டுப்பாடு எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு ஆடுங்கள்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. நேற்று அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"யாராச்சும் இங்க வந்தா நாலு பந்து குடுத்துவிடு கண்ணு. எங்களோடது விரிசல் விட்டுப்போச்சு!"