கழுத்துக்கு மேல் வேறொருவர்

இஸ்தான்புல் அயா சோஃபியாவுக்குள் நுழைய 25 யூரோ. நம் காசில் 2,500 ரூபாய் பக்கம் வருகிறது. 2020-இல் அது மறுபடி மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்குத் தனி வாசல். மேல்மாடம் மட்டும்தான் பார்க்கலாம், கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. வரிசையில் நின்ற பலரும் இதற்கு முணுமுணுத்தார்கள். எனக்கு நஷ்டமில்லை. நான் பார்க்க வந்த ராஜாக்கள் எல்லோரும், சில்லு பதித்த சுவர்ப் படங்களாக, மேலேதான் இருக்கிறார்கள்.

'1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைத் துருக்கியர் கைப்பற்றினர், ஆகவே ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினர்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர்கள் நம்மில் குறைவு. அந்த வரியில் ஒரு முகமும் கிடையாது. பறிகொடுத்த பேரரசர்கள், பிடித்த சுல்தான், பிறகு அவர் வம்சத்துக்காகக் கடலை அடக்கிய கொள்ளைக்காரத் தளபதி ஆகிய மூன்று தரப்பின் படங்களும் இன்று இஸ்தான்புல் என்று பெயர் மாறிய அந்த ஒரே ஊரில், டிராம் போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன்.

மேல்மாடத்துக்குப் படிக்கட்டு கிடையாது. கல் பாவிய சரிவு திரும்பித் திரும்பி ஏறுகிறது. கற்கள் தேய்ந்து வழவழவென்றிருக்கின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. ராணியைப் பல்லக்கில் தூக்கி வரத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று முன்னால் போன வழிகாட்டி தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம். மேலே வந்ததும் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தால் கீழே பச்சை நீலத்தில் ஒரே ஜமுக்காளம். அதற்கு மேலே, 55 மீட்டர் உயரத்தில், 532-இலிருந்து 537-க்குள் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த கிறிஸ்தவக் கோயிலின் குவிமாடம். இப்போதிருப்பது முதலில் கட்டியது விழுந்த பிறகு எழுப்பியது. பலிபீடத்துக்கு மேலுள்ள மேரியின் படம் தொழுகிறவர் கண்ணில் படாதபடி வெள்ளைத் திரை தொங்குகிறது.

வடக்கு மாடத்தில் அலெக்சாண்டர் என்ற பேரரசர் ஒரு தூணின் மேற்பகுதியில், இருட்டு மூலையில் ஒளிந்திருக்கிறார். தேடிக் கண்டுபிடிக்கக் கழுத்து வலித்துவிட்டது. 912-இல் பட்டத்துக்கு வந்து பதின்மூன்று மாதத்தில் செத்துப்போனவர். குதிரையேறி ஆடும் பந்தாட்டம் ஒன்றை ஆடிக் களைத்து விழுந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். கையில் உருண்டை, உடம்பெல்லாம் நகை. யாரும் நின்று பார்க்கவில்லை.

கூட்டமெல்லாம் தெற்கு மாடத்தின் கிழக்குக் கோடியில். ஒரு ஜன்னல், அதன் இரு பக்கமும் இரண்டு ராஜ தம்பதிகள். இடப்பக்கம் ஸோயியும் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனும், நடுவே அரியணையில் நீல உடுப்பில் கிறிஸ்து. ராஜா கையில் பணமுடிப்பு. ராணி கையில் சுருட்டிய தானப் பத்திரம். கோயிலுக்குக் கொடுத்ததை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஏற்றிவிட்டார்கள். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது மாதிரிதான்.

நான் நெருங்கிப் பார்க்க விரும்பியது ராஜாவின் கழுத்தை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றால் ஜன்னல் வெளிச்சம் தங்கச் சில்லுகளில் பட்டுக் கண் கூசுகிறது. இரண்டடி இடப்புறம் நகர்ந்து போன் கேமராவைப் பெரிதாக்கினேன். தெரிந்தது. கழுத்துக்குக் கீழே சில்லுகள் ஒரு வாக்கில் ஓடுகின்றன. தலையைச் சுற்றி அந்த ஓட்டம் அறுந்து, வேறு வாக்கில் தொடங்குகிறது. தலைக்கு மேலே பெயர் இருக்கும் இடத்தில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் பட்டங்கள் எல்லாம் தாராளமாக இடம் விட்டு எழுதியிருக்க, பெயர் மட்டும் இருக்கும் இடத்தில் திணித்தது போல.

காரணம் ஸோயியின் கல்யாணங்கள். 1028-இல் ரோமானோஸ். 1034-இல் அவர் இறந்த அன்றே மிக்கேல். 1042-இல், அறுபதைத் தாண்டிய வயதில், இந்த கான்ஸ்டன்டைன். படத்தில் முதலில் இருந்தது முதல் கணவர் ரோமானோஸ் என்பதுதான் அறிஞர்களில் பெரும்பாலோர் கணிப்பு. கணவன் மாறியதும் உடம்பை, உடுப்பை, பணமுடிப்பை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு தலையையும் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சிக்கனமான வேலை. ஆனால் ஸோயியின் தலையைச் சுற்றியும், கிறிஸ்துவின் தலையைச் சுற்றியும்கூட அதே வெட்டு தெரிகிறதே? அவர்களுக்குமா முகம் மாறியது? ஸோயியை அவருடைய வளர்ப்பு மகன் ஐந்தாம் மிக்கேல் 1042-இல் நாடுகடத்தினான், அப்போது படத்தைச் சிதைத்திருப்பார்கள், திரும்பி வந்ததும் மூன்று தலையையும் புதிதாகச் செய்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அறுபது வயது ஸோயிக்குக் கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லாததற்கு அதுவே காரணமோ என்னவோ. எப்படியும் புது முகம் செய்கிறவர் கிழவியாகச் செய்வாரா?

வலப்பக்கப் படத்தில் இரண்டாம் ஜான் கொம்னினோஸ், ஹங்கேரியிலிருந்து வந்த அவருடைய ராணி ஐரீன், நடுவே குழந்தையுடன் மேரி. ஏறக்குறைய எண்பது வருஷம் பிந்தியது. ஆனால் அதே பணமுடிப்பு, அதே பத்திரம். ராணிக்குச் செம்பட்டை நிறத்தில் இரண்டு நீளப் பின்னல், கன்னத்தில் செஞ்சாயம். தூண் மடங்கும் பக்கவாட்டில், பலரும் பார்க்காமல் போகிற இடத்தில், மகன் அலெக்ஸியோஸ் மெலிந்த முகத்தோடு நிற்கிறான். அப்பாவுக்கு ஒரு வருஷம் முந்தி இறந்துபோனவன்.

இவையெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் சுண்ணாம்புக்குள் இருந்தவை. 1847-இல் சுல்தான் அப்துல் மெஜித் பழுதுபார்க்க அமர்த்திய ஃபொசாட்டி சகோதரர்கள் திறந்து பார்த்து, வரைந்து வைத்துக்கொண்டு, மறுபடி பூசிவிட்டார்கள். 1931-இல் அமெரிக்கர் தாமஸ் விட்டிமோர் வந்துதான் வெளியே எடுக்கத் தொடங்கினார். பூசி மூடியதே இவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

திரும்பும்போது தரையில் ஒரு கல் பலகை. ஹென்ரிகஸ் டாண்டலோ என்று லத்தீன் எழுத்து. 1204-இல் சிலுவைப் போர்க்காரர்களைத் திருப்பிவிட்டு இதே கிறிஸ்தவ நகரத்தைச் சூறையாட வைத்த வெனிஸ் தலைவர். கண் தெரியாத கிழவர். மறு ஆண்டு இங்கேயே இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். ஒரு குடும்பம் 'கல்லறை' என்று அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். எழுத்தின் விளிம்புகள் கூர்மை குலையாமல் இருக்கின்றன. சுற்றியுள்ள தரைக்கற்கள் தேய்ந்த தேய்வு இதில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வைத்த கல் இது. அவர் உண்மையில் கிடந்த இடம் உறுதியாகத் தெரியாது.

வெளியே வந்து எள் ஒட்டிய சிமிட் ரொட்டி ஒன்று 20 லிராவுக்கு வாங்கிக்கொண்டு டிராம் ஏறினேன். அப்போது கட்டணம் 27 லிராவாக இருந்தது. மேற்கே ஐந்து கிலோமீட்டர் போல் போனால் டோப்கப்பி நிறுத்தம். இதே பெயரில் அரண்மனை வேறு திசையில் இருக்கிறது. குழப்பிக்கொண்டு எதிர்வண்டி ஏறுகிறவர்கள் உண்டு. டிராம் அந்த நிறுத்தத்தை நெருங்கும்போது பழைய கோட்டை மதிலைக் குறுக்கே வெட்டிப் போகிறது. 1950-களில் பெரிய சாலை போட இடித்த திறப்பு. சுல்தானின் பீரங்கிகளாலும் இவ்வளவு அகலமாக உடைக்க முடியவில்லை.

மதிலுக்கு எதிரே பூங்காவுக்குள் 'பனோரமா 1453' அருங்காட்சியகம். 2009-இல் திறந்தது. விளக்கப் பலகைகள் மாட்டிய நடைவழியைக் கடந்து, இருட்டுப் படியேறி, தலை மேலே வந்ததும் சட்டென்று பட்டப்பகல்! 38 மீட்டர் குறுக்களவுள்ள அரைக்கோளத்தின் உட்புறம் முழுக்க 1453 மே 29 காலை. எட்டு ஓவியர்கள் மூன்று வருஷம் வேலை பார்த்து, பத்தாயிரம் உருவங்களுக்குமேல் வரைந்திருக்கிறார்கள். சட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. ஒலிபெருக்கியில் பீரங்கிச் சத்தமும் படை வாத்தியமும். பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் நானும்தான்.

அப்புறம் ஓரத்தைத் தேட ஆரம்பித்தேன். காலடியில் நிஜ மரக்கட்டை, நிஜ பீப்பாய், நிஜ பீரங்கி. கொஞ்ச தூரத்தில் அது படமாகிவிடுகிறது. எந்த இடத்தில்? ஒரு பலகை பாதி மரம், பாதி பெயின்ட் என்று கடைசியில் பிடிபட்டது. நிழல்தான் காட்டிக்கொடுத்தது: மரத்தின் நிழல் மேலே உள்ள விளக்கைப் பொறுத்து விழுகிறது, வரைந்த பலகையின் நிழல் வரைந்த சூரியனைப் பொறுத்து.

வெள்ளைக் குதிரையில் சுல்தான் மெஹ்மெத். அன்று அவருக்கு 21 வயது. ஊர்க் கடைகளில் தட்டிலும் காந்தத்திலும் விற்கிற வளைந்த மூக்கு முகம், வெனிஸிலிருந்து வந்த ஜென்டிலே பெல்லினி 1480-இல் வரைந்தது. அதில் 48 வயது, மறு ஆண்டே இறந்துபோனார். மதில் மேல் கொடி நடுகிறவர் உலுபாத்லி ஹசன். பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கே அவர் பெயர்தான். முற்றுகையின்போது நகருக்குள் இருந்து நாள்தோறும் குறிப்பெழுதிய வெனிஸ் கப்பல் வைத்தியர் நிக்கோலோ பார்பரோ அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நூறு வருஷம் கழித்துத் தொகுத்த கிரேக்க வரலாறு ஒன்றில்தான் அவர் வருகிறார்.

தோற்றவரைத் தேடினேன். கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் அன்று மதிலருகே சண்டையில் மாண்டார். உடலை உறுதியாக அடையாளம் காண முடியவில்லை. ஓவியத்தில் உடைந்த மதில் பக்கம் இரண்டு சுற்று பார்த்தும் என் கண்ணுக்கு அவர் அகப்படவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் வரைந்த முகம் ஒன்றை கிரீஸில் ஐகியாலியா பக்கத்துப் பழைய மடாலயச் சுவரில், பிந்திய ஓவியத்துக்கு அடியிலிருந்து கண்டெடுத்ததாக அந்த நாட்டுக் கலாசார அமைச்சகம் 2024 டிசம்பரில்தான் அறிவித்தது.

வெளியே வந்து நிஜ மதிலுக்கு நடந்தேன். ஐந்தே நிமிடம். வெள்ளைக் கல் வரிசை, நடுநடுவே சிவப்புச் செங்கல் பட்டை. சில கோபுரங்கள் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து நிற்கின்றன. சில இடத்தில் புதுக்கல் வைத்துப் பளிச்சென்று கட்டியிருக்கிறார்கள். அது ஓவியத்தில் இருக்கிற மதிலைவிடப் புதுசாக இருக்கிறது.

டிராமிலேயே திரும்பி, கடைசி நிறுத்தமான கபாடாஷில் இறங்கி, தொல்மாபாச்சே அரண்மனையின் நீள மதிலை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் போல் நடந்தால் பெஷிக்டாஷ். படகுத்துறைக்கு எதிரே கப்பல் முகப்பு வடிவப் பீடத்தில் பார்பரோசா ஹைருத்தீன் பாஷா, பின்னால் இரண்டு மாலுமிகள். 1944-இல் திறந்த வெண்கலச் சிலை. லெஸ்போஸ் தீவில் பிறந்து, அண்ணன் ஒருச்சோடு சேர்ந்து கப்பல்களை மடக்கிப் பிழைத்து, அல்ஜியர்ஸைப் பிடித்து, சுல்தான் சுலைமானின் கடற்படைத் தலைவரானவர். 1538-இல் பிரெவேசாவில் ஆண்ட்ரியா டோரியாவின் கூட்டுக் கப்பற்படையை விரட்டியது பீடத்துக்குப் பொருத்தம்தான். 1544-இல் லிப்பாரி தீவைச் சூறையாடி ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக ஏற்றிப்போனதும் இவரே. பக்கத்தில் சினான் கட்டிய அவருடைய எண்கோணக் கல்லறை; கதவு பூட்டியிருந்தது.

சில அடி தூரத்தில் கடற்படை அருங்காட்சியகம். அவருடைய கொடி கண்ணாடிக்குள். இரட்டை நாக்கு வாள், அதனடியில் ஆறுமுனை நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பார்த்து, யூதர் சின்னமாயிற்றே என்று பக்கத்திலிருந்தவர் திகைத்தார். அந்தக் காலத்தில் அது சுலைமான் நபியின் முத்திரை, முஸ்லிம்கள் சகஜமாகப் பயன்படுத்தியது. 1453-இல் பொற்கொம்பு கழிமுகத்தின் குறுக்கே கட்டிய இரும்புச் சங்கிலியின் துண்டுகளும் இங்கே கிடக்கின்றன. சுல்தான் அதை அறுக்கவில்லை, கப்பல்களைத் தரைவழியாக இழுத்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டார். பெரிய கூடத்தில் சுல்தான்களின் துடுப்புக் கப்பல் ஒன்று, கிட்டத்தட்ட 40 மீட்டர் நீளம், 144 பேர் துடுப்புப் போட்டது. பின்பக்கத்து அறை முழுக்க முத்துச்சிப்பியும் ஆமையோடும் பதித்த அலங்காரம். துடுப்புக்காரர் பலகையில் மொட்டை மரம்.

பார்பரோசாவின் முகத்துக்கு நான் நம்புவது சிலையை அல்ல, நிகாரி வரைந்த சின்ன ஓவியத்தை. நிகாரியும் கடலோடிதான், ஹைதர் ரெய்ஸ் என்பது சொந்தப் பெயர். ஆளை அறிந்து வரைந்தவர். அதில் இருப்பவர் வெள்ளைத் தாடிக் கிழவர், கனத்த தோள், ஒரு கையில் கார்னேஷன் பூவை மோந்துகொண்டிருக்கிறார். அசல் டோப்கப்பி அரண்மனையின் சொத்து. அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. புதன்கிழமை போனால் பார்க்கக் கிடைக்குமா என்று காவலரிடம் கேட்டேன். எல்லா ஓவியங்களையும் எப்போதும் வெளியே வைப்பதில்லை, அங்கே போய்க் கேளுங்கள் என்றவர், ஐந்து மணியாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார்.