படகு முழுகினால் ஏறிக்கொள்ள ஒரு படகு

தென்காசியில் கடல் கிடையாது. நம்ம ஊரில் படகு என்றால் வெண்ணமடைக்குளம் படகுக் குழாம்தான். அங்கே உட்கார்ந்து லைஃப் ராஃப்ட் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தூத்துக்குடியில் கப்பல்களின் ராஃப்ட்களைப் பிரித்து, ஊதி, சோதித்து, மறுபடி மடித்துக் கட்டும் வேலையில்தான் என் சம்பாத்தியக் காலம் போயிற்று.

கப்பல் ஓரத்தில் வெள்ளைப் பீப்பாய் மாதிரி ஒன்று சாய்ந்து கிடக்குமே, அதற்குள் இருப்பதுதான் லைஃப் ராஃப்ட். கூரை போட்ட ரப்பர் மிதவை. கூடவே வாயு சிலிண்டர். கயிற்றை இழுத்தால் தானே ஊதிக்கொள்ளும். கப்பலுக்கு எது வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்பதெல்லாம் சட்டத்தில் உண்டு. வருடம் ஒருமுறை கண்டிப்பு. சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள்.

என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் இருக்கிறான். பழைய யாட் ஒன்று வாங்கி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு வடக்கே ஜெரால்டன் வரை போகத் திட்டம். படகோடு ஒரு ராஃப்டும் வந்ததாம். “எட்டு பேர் ஏறலாம் மாமா, தாராளமா இருக்கும்” என்றான்.

தாராளம்தான் இங்கே சிக்கல். ராஃப்டைக் காற்றில் கவிழாமல் பிடித்து வைப்பது அடியில் தொங்கும் தண்ணீர்ப் பைகளும் உள்ளே இருப்பவர்களின் எடையும். எட்டு பேர் ராஃப்டில் இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் பாதி காலி. குளிரும் அதிகம்.

அவன் விடவில்லை. “ஸ்டீவன் கல்லஹான் தனி ஆளா ஆறு பேர் ராஃப்ட்லதான மாமா பிழைச்சாரு?” என்றான். நியாயமான கேள்வி. 1982-ல் அட்லாண்டிக்கில் 76 நாள் மிதந்தவர் அவர். அத்தனை நாள் இருப்பதென்றால் கால் நீட்ட இடம் வேண்டும்தான். இவன் போவதோ கரையோரம். அபாய சிக்னல் கருவியும் வைத்திருக்கிறான். இவனுக்கு முதல் நாள் புயலைத் தாண்டுவதுதான் பெரிது. நாலு பேருக்கு நாலு பேர் ராஃப்ட் போதும் என்பது என் கட்சி.

“சர்வீஸ் அட்டையைப் படம் எடுத்து அனுப்பு, மாப்ள” என்றேன். கடைசித் தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது. பெட்டி வெளியே பளபளவென்றுதான் இருந்தது.

போன சாரலுக்கு வாங்கிய மழைக்கோட்டை ஈரத்தோடு மடித்து வைத்து, இந்த சீசனுக்குப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழியும். ராஃப்டுக்கும் அதே கதி. மடிப்பில் ரப்பர் வெடிக்கும், பசை விட்டுப்போகும், சிலிண்டரில் வாயு கசிந்திருக்கும். அதனால்தான் சர்வீஸில் காற்று நிரப்பி மணிக்கணக்கில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்போம். சிலிண்டரை நிறுத்துப் பார்ப்போம். வெளிச்சக் குச்சி, பாட்டரி, மருந்து, தண்ணீர் எல்லாவற்றிலும் தேதி பார்த்து மாற்றுவோம். பத்து வருடம் தாண்டினால் கூடுதல் அழுத்தத்தில் இன்னொரு சோதனை.

பிரிக்கும்போது நீயும் குடும்பத்தோடு போய் நில் என்று சொல்லியிருந்தேன். போனான். ஊதிய அரை மணிக்குள் தரை ஒட்டிய இடத்தில் ஒரு முழம் நீளத்துக்கு விட்டுக்கொண்டதாம். சின்னவள் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாளாம். பேச்சே வரவில்லை அவனுக்கு. புதிதாக நாலு பேர் ராஃப்ட் வாங்கிவிட்டான், மேல்தளத்தில் பெட்டியோடு பொருத்துகிற வகை. பையில் வருவது மலிவு. ஆனால் அதை அறைக்குள் மூட்டைகளுக்கு அடியில் போட்டுவிட்டு, அவசரத்தில் தேடுவார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். படகு மிதக்கிறவரை படகை விடாதே. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துப் பக்கம் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் 5 மட்டுமே மூழ்கின. ராஃப்டுக்குப் போனவர்களில் சிலர் போய்விட்டார்கள், அவர்கள் விட்ட படகு பிறகு மிதந்தபடி கிடைத்தது. நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியை 2018-ல் பெர்த்துக்கு மேற்கே வெகுதூரத்தில், பாய்மரம் ஒடிந்து முதுகில் அடிபட்டுக் கிடந்தபோது மீட்டதும் அவர் படகுக்குள்ளிருந்துதான்.

எறிவதற்கு முன்னால் கயிற்றின் நுனி படகில் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டாமல் எறிந்தால் காற்று கொண்டுபோய்விடும். ஊதி முடித்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வரும். ஓட்டை என்று பயப்படக் கூடாது, அதிகக் காற்று வால்வு வழியே போகிறது.

தனிப் பையில் தண்ணீர், மூக்குக் கண்ணாடி, தினப்படி மாத்திரை. ஏறியவுடன் முதல் வேலை எல்லோரும் குமட்டல் மாத்திரை போடுவது. வாந்தி எடுத்தால் உடம்புத் தண்ணீர் போய்விடும், குழந்தைகளுக்குச் சீக்கிரம் போகும். அதைப் பையின் மேலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.