கீதத்துக்கு நிற்காத ஒருவர்

பாங்காக்

மாப்ள,

இந்த ஊர்ச் சாப்பாட்டைத் திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் மீன் சாறு ஊற்றியே தருகிறார்கள். அது கிடக்கட்டும், காலையில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நகரத்து நட்ட நடுவில் லும்பினி பூங்கா. மன்னர் ஆறாம் ராமர் பொருட்காட்சி நடத்த ஒதுக்கிய அரச நிலம். 1925இல் அவர் இறந்துபோக, பொருட்காட்சி நின்றது, பூங்கா மிஞ்சியது. ஏரி, அன்னப் படகு, கையைக் காலை மெதுவாக அசைக்கும் சீனத்துப் பெரியவர்கள். இவர்களுக்கு நடுவே உடும்புகள்! நம்ம கரட்டுப் பக்கம் பொந்துக்குள் ஓடி ஒளிகிற சாதியில்லை. நீர் உடும்பு. ஆறடி சர்வசாதாரணம்.

எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நானும் நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஏரியிலிருந்து கரையேறினார். வாயில் பாதி மீன். அவசரமே இல்லாமல், சைட் அடிக்கிற பெரிய மனிதர் மாதிரி இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு பாதையைக் கடக்கிறார். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கண்ணை மட்டும் திருப்பினார். வால் என் செருப்பை உரசுகிற தூரம். அசைந்தால் அந்நிய நாட்டுக் கீதத்துக்கு அவமரியாதை, அசையாவிட்டால் உயிருக்கு ஆபத்து. உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்பார்களே, அந்த நிலைமை. கீதம் முடிந்ததும் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உடும்பை அபசகுனம் என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. 2016இல் கூட்டம் பெருத்துவிட்டதென்று நிறையப் பேரைப் பிடித்து ராட்சபுரிக்கு அனுப்பினார்களாம். செத்த மீனையும் எலியையும் தின்று ஏரியை நாறாமல் வைத்திருக்கிறது, பாவம், பார்க்க லட்சணமில்லை. மயிலாக இருந்தால் டிக்கெட் போட்டிருப்பார்கள். நாம் மட்டும் யோக்கியமா? நம் ஊர் உடும்பை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாத்தும், கறிக்கும் தைலத்துக்கும் இன்னும் அடிக்கத்தானே செய்கிறார்கள்?

மத்தியானம் ஜனங்கள் மீனுக்கும் ஆமைக்கும் ரொட்டி வீசினார்கள். உடும்புக்கு ஒருவரும் வீசவில்லை. அதுவும் கேட்கவில்லை. ரொட்டி தின்று கொழுத்த மீன் இருக்கும்போது அதற்கென்ன குறை?

ஆறு மணிக்கு மறுபடி கீதம் உண்டு. ஐந்தே முக்காலுக்கே அறைக்கு வந்துவிடுவதாக உத்தேசம்.

உன்
பங்காளி